ஆயுசு அவ்வளவுதானா?

எங்கள் பக்கத்தில் கைக்குழந்தை செத்துப்போனால் கொள்ளி வைப்பதில்லை, பெரிதாகக் காரியம் செய்வதில்லை. எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டு வருவார்கள். போய்வந்தவர்கள் கால் கழுவித் திண்ணையில் உட்காரும்போது யாராவது ஒருவர் சொல்வார்: “அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்.” மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். பெற்றவள் வாயிலிருந்து வரும்போது அதற்கு மறுபேச்சுப் பேச எனக்கு மனம் வந்ததில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லும்போது, ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, சில சமயம் எங்கள் துறைக்காரர்களே சொல்லும்போது, நெஞ்சு கொதிக்கும். சொல்வது ஒரே விஷயம்தான். ஒருத்தி சொன்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது, இன்னொருவர் சொன்னால் ஏன் முடியவில்லை? மருத்துவத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. இது பெருமாளைப் பற்றிய கேள்வி, நாம் அவர்மேல் எதைச் சுமத்துகிறோம் என்பதைப் பற்றிய கேள்வி.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். அப்பா கோர்வைச் சேலை நெய்தார், அம்மா தார் சுற்றினாள். எங்களுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அண்ணன் பிறந்ததும் அவனைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி எடுத்து, பக்கத்து வீட்டு அம்மாளிடம் தவிட்டுக்கு விற்பதுபோல் விற்று, திரும்ப வாங்கி, குப்பன் என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போட்டதுதான் நல்ல பேர். அப்போது எங்கள் தெருக்களில் குப்பன், பிச்சை, குப்பம்மாள் எல்லாம் நிறைய. முன்னால் பிறந்தது தங்காத வீடு என்று பேரை வைத்தே சொல்லிவிடலாம். ஆயுசு எழுதினபடிதான் என்று சொன்ன அதே வீட்டார்தான், யாருக்கும் வேண்டாத பிள்ளை இது என்று எமனை ஏமாற்றவும் பார்த்தார்கள். விதியை முழுசாக நம்பிச் சும்மா உட்கார்ந்த தாயை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கையில் இருந்த வழியை எல்லாம் அவள் செய்து பார்த்தாள். அந்தக் காலத்தில் அவள் கையில் இருந்தது குப்பையும் தவிடும்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில், நெல்லுக்காரத் தெருவில், சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, மறு கையில் ஏடு. சித்திரா பௌர்ணமிக்கு அம்மா எங்களைக் கூட்டிப் போவாள். நாம் செய்வதையெல்லாம் இவர் எழுதிக்கொள்கிறார் என்பாள். பிறந்து பத்து நாள் ஆன குழந்தை என்ன செய்திருக்கும், இவர் என்ன எழுதியிருப்பார் என்று கேட்டேன். “அது போன ஜென்மத்துக் கணக்குடி” என்றாள். அவள் பறிகொடுத்த இரண்டையும் நினைத்துக்கொண்டு சொன்னாள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

சாஸ்திரமும் கிட்டத்தட்ட அம்மா சொன்னதையே சொல்கிறது. சன்னதித் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்று என்னைக் கூப்பிட்டிருந்த ஒரு நாளில் அவரிடம் இதைக் கேட்டுவிட்டேன். பிரம்ம சூத்திரத்தில், இரண்டாம் அத்தியாயம் முதல் பாதத்தில், இந்தக் கேள்வியையே எழுப்பியிருக்கிறார்கள் அம்மா என்றார். ஒருவன் சுகத்திலும் ஒருவன் துக்கத்திலும் பிறக்கிறானே, அப்படியென்றால் படைத்தவனுக்குப் பாரபட்சம் உண்டா, ஈரம் இல்லையா? இல்லை, அவரவர் வினையைப் பார்த்தே அவன் பலன் தருகிறான் என்பது விடை. சங்கரரும் ராமானுஜரும் மற்ற எத்தனையோ விஷயத்தில் வேறுபட்டாலும் இதில் ஒன்றுதான் என்று விளக்கினார்.

பெருமாள்மேல் பழி வராமல் இந்த விடை பார்த்துக்கொள்கிறது. ஆனால் என் கையில் வேறு ஒரு ஏடு இருந்தது. பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்த என்னுடைய பதிவேடு. அதையும் இந்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொருந்தவில்லை.

1979-ல் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் எழுந்தருளியபோது நான் பாவாடை தாவணி போட்ட பெண். அடுத்து அவர் வெளியே வந்தது 2019 ஜூலை 1-ஆம் தேதி. ஆகஸ்ட் 17 வரை 48 நாள், சயனத்திலும் நின்ற கோலத்திலும் தரிசனம், ஒரு கோடிக்கு மேல் ஜனம். மருத்துவ முகாமில் உட்கார்ந்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தைகளோடு எத்தனை பெண்கள்! அவர் தண்ணீருக்குள் இருந்த அந்த 40 வருஷத்தில் என்ன நடந்தது? 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேர் முதல் வயதைக் கடக்கவில்லை. 2019-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி அது 15. முன்ஜென்ம வினை ஒன்றுதான் காரணம் என்றால் இதற்கு என்ன அர்த்தம் சொல்வது? புண்ணியம் செய்த உயிர்களாகப் பார்த்து நம் மாநிலத்தில் பிறக்க ஆரம்பித்தனவா? அதே 2019-ல் தேசம் முழுவதற்கும் 30. தேசத்தின் மற்ற பக்கங்களில் பிறந்தது இரண்டு மடங்கு பாவம் செய்ததா? பள்ளிக்கூடம் போகாத தாயின் பிள்ளை அதிகம் சாகிறது, படித்தவள் பிள்ளை குறைவாகச் சாகிறது. முந்தின பிரசவத்துக்கும் இதற்கும் இரண்டு வருஷம்கூட இடைவெளி இல்லை என்றால் ஆபத்து ஏறுகிறது. வினை வந்து தாயின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துவிட்டா போகிறது?

பெரியவரிடம் இதையும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வினை எதாவது ஒரு வழியாத்தானே வரணும். மருந்து கிடைக்கிறதும் வினைதான், கிடைக்காததும் வினைதான்” என்றார். நான் சொன்னேன்: “அப்படின்னா சாமி, மருந்து என் பையில இருக்கு. நான் அந்த வீட்டுக்குப் போறதும் போகாததும் அந்தக் குழந்தையோட வினையில சேர்ந்துடுதே. ரோடு போடறவர், தண்ணி விடறவர், கூலி குடுக்கறவர் எல்லாரும் சேர்ந்துடறாங்களே.” அவர் மறுக்கவில்லை. “சேரத்தான் செய்யும்” என்றார். எனக்கு அது போதும். கர்மத்தை நான் மறுக்கவில்லை. செத்த குழந்தையின் தலையில் மட்டும் அதைக் கட்டிவிட்டு மற்றவர்கள் கை கழுவிக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

ஒரு சாவைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில், ஐப்பசி மாதத்தில், காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஒரு நெசவு கிராமத்தில். குழந்தைக்கு ஏழு மாதம், இரண்டாவது பெண். அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. ஈரத்தில் பாவு நிற்காது, நெய்ய முடியாது. நெய்யாவிட்டால் கூலி இல்லை. முதலாளியிடம் முன்பணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, மேலே கேட்க வாய் இல்லை. குழாயில் தண்ணீர் ஏறாது என்று தெருவில் குழாயடியில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீரும் சாக்கடையும் நிரம்பி, குழாய் வாயே முங்கிக் கிடந்தது. தாய்க்குப் பத்தொன்பது வயது. மூத்தவளுக்கு இன்னும் சரியாக நடை வரவில்லை. மழைக்கு முன்னால் வரை இவளும் தறியில் உட்கார வேண்டியிருந்ததால் குழந்தைக்குப் புட்டிப்பால் பழக்கியிருந்தார்கள். அந்தப் புட்டியை அந்தத் தண்ணீரில்தான் கழுவினார்கள்.

வயிற்றுப்போக்கு பிடித்தது. தீட்டுக்காரி யாரோ தூக்கிவிட்டாள், தோஷம் பட்டிருக்கிறது என்று மாமியார் மந்திரிக்கத் தூக்கிப்போனாள். திரும்பி வந்து, பால் கொடுத்தால் இன்னும் போகும் என்று பாலை நிறுத்தினார்கள், தண்ணீரையும் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் உச்சிக்குழி உள்வாங்கி, கண் செருகி, அழுகைக்குக் கண்ணீர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு தேடிக் கிளம்புவதற்குள் சாயங்காலம். வழியிலேயே போய்விட்டது. ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. அந்த வாரம் என் முறை வேறு ஊர்களில் இருந்தது.

விசாரணைப் படிவத்தில் மரணத்தின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வயிற்றுப்போக்கு, நீரிழப்பு என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத இடம் இல்லை. தறிக்குழியில் ஊறின தண்ணீரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முன்பணத்தை எங்கே எழுதுவது? ஒரு பாக்கெட் உப்பு சர்க்கரைக் கரைசலில் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். 1971-ல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா வந்தபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோய், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாயிலேயே கொடுக்கச் சொன்னார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே டம்ளரில் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. என் வேலைக்காலத்தில் அதிகம் சொன்னது எது என்று கேட்டால், எந்தப் பாசுரமும் அல்ல, இதுதான்.

1984-ல் ஹென்றி மோஸ்லி, லிங்கன் சென் என்ற இரண்டு பேர் குழந்தைச் சாவைப் பற்றி எழுதிய கட்டுரை எங்கள் பயிற்சிகளில் பின்னாளில் பேசப்பட்டது. வறுமையோ படிப்பின்மையோ நேராக வந்து குழந்தையைக் கொல்வதில்லை என்பது அவர்கள் வாதம். தாயின் வயதும் பிரசவ இடைவெளியும், சுற்றுப்புற அசுத்தம், சத்துக்குறைவு, அடிபடுதல், நோய் வந்தால் என்ன செய்கிறோம் என்பது, இந்த ஐந்தின் வழியாகத்தான் அவை உள்ளே வந்தாக வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஐப்பசி வீடு அப்படியே கண்முன் வந்தது. ஐந்தில் நான்கு அங்கே இருந்தன.

இந்த மாதிரி யோசிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. மணிமேகலை பஞ்சத்தில் வாடிய கச்சிக்குத்தான் அமுதசுரபியோடு வந்தாள். முதலில் ஊரார் பசியை ஆற்றினாள். பிறகுதான் அறவண அடிகளிடம் உட்கார்ந்து, ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் அந்தப் பன்னிரண்டு சார்புகளைக் கேட்டாள். எது முன்னால், எது பின்னால் என்பதைச் சாத்தனார் யோசித்து வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். பௌத்தம் இந்த ஊரைவிட்டுப் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஒன்று இருந்தால் மற்றொன்று வரும், அதை எடுத்தால் இது நின்றுவிடும் என்ற அந்த நேர்மையான பார்வையும் கூடவே போயிருக்க வேண்டாம்.

வீட்டுக்குள் யார் பேச்சு எடுபடுகிறது என்பதும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் கால்ட்வெல் 1979-ல் நைஜீரியக் கணக்குகளை வைத்து, தாய் படித்திருந்தால் பிள்ளை பிழைக்கிறது, அது வீட்டு வருமானத்தால் மட்டும் வருவதில்லை என்று காட்டினார். படிப்பு அவளுக்கு மருந்து சாஸ்திரத்தைக் கற்றுக்கொடுத்துவிடுவதில்லை. மாமியாரையும் புருஷனையும் தாண்டி ஒரு முடிவு எடுக்கும் தெம்பைக் கொடுக்கிறது என்பது அவர் விளக்கம். இதை நான் கண்ணால் பார்த்தேன். மேலே சொன்ன அதே ஊரில், சில வருஷம் கழித்து, எட்டாவது வரை படித்த ஒரு மருமகள். மாமியார் மந்திரிக்கச் சொன்னாள். இவள், “மந்திரிச்சிக்கலாம் அத்தே, மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பையன் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மந்திரிப்பையும் அவள் விடவில்லை. திரும்பி வந்ததும் மாமியார் மனசுக்காகப் போய் மந்திரித்துக்கொண்டாள். நம்பிக்கையை யாரும் விடவேண்டியதில்லை. எது முதலில் என்பதுதான் உயிர் போகிற விஷயம்.

சொந்தத்தில் கட்டும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் இரத்த உறவுக்குள் நடக்கிறது. தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கொடுத்து, பிறவிக் குறையோடு ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிள்ளை தவறிய வீடுகள் எனக்குத் தெரியும். குடும்ப சாபம் என்று பரிகாரத்துக்கு எத்தனையோ செலவு செய்தார்கள். அடுத்த பெண்ணையும் அதே வீட்டில்தான் கொடுத்தார்கள்.

பெண் குழந்தைகள் விஷயத்தில்தான் விதி என்ற பேச்சு எனக்கு முழுசாக அற்றுப்போனது. முதல் மாதத்தில் உலகம் எங்கும் ஆண் குழந்தைகள்தான் அதிகம் சாகின்றன. பெண் உடம்புக்குப் பிறவியிலேயே அந்தத் தாக்குப்பிடிக்கும் வலு உண்டு. ஆனால் நம் தேசத்தில் பல வருஷங்களாக, ஒரு வயதைத் தாண்டி ஐந்து வயதுக்குள் செத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். கடவுள் கொடுத்த வலுவை இடையில் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். ஆணுக்குச் சீக்கிரம் ஆட்டோ பிடித்தவர்கள் பெண்ணுக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நம் மாநிலத்திலேயே உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண் சிசுக்களைக் கொன்றது 1980-களில் ஊருக்கெல்லாம் தெரிந்தது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் விட்டுப்போக, 1992-ல் சேலத்தில் அரசு தொட்டிலை வெளியே வைக்க வேண்டி வந்தது. கள்ளிப்பாலைச் சித்திரகுப்தர் எழுதினார் என்று எவராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

இவ்வளவையும் சொன்னபிறகு ஓர் அபாயத்தையும் சொல்ல வேண்டும். காரணத்தைத் தேடப் புறப்பட்டவர்கள் பலபேர் தாயோடு நின்றுவிடுகிறார்கள். ஒரு மேலதிகாரி, அந்த ஐப்பசிச் சாவுக்கு, தாயின் அறியாமை என்று எழுதச் சொன்னார். நான் எழுத மாட்டேன் என்றேன். அவள் குழியில் தண்ணீர் விட்டவளும் இல்லை, குழாயைப் பள்ளத்தில் வைத்தவளும் இல்லை, தன்னைப் பதினேழு வயதில் கட்டிக்கொடுத்தவளும் இல்லை. பாலை நிறுத்தச் சொன்னதும் அவள் இல்லை. அந்த வீட்டில் எதையுமே தீர்மானிக்காத ஒரே ஆள் அவள்தான். விதி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, இவள்தான் காரணம் என்று சொல்வோமானால், விதியே மேல்.

பெற்றவள் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லும்போது எனக்கு ஏன் மறுபேச்சு வராது என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. அவளுக்கு அது விளக்கம் அல்ல. ராசி இல்லாதவள், கைராசி கெட்டவள், தூங்கிக்கொண்டே பால் கொடுத்தாள் என்று நாலு பக்கமிருந்தும் வரும் பேச்சுக்கு நடுவில் அவள் ஒண்டிக்கொள்ள ஓர் இடம். அவளிடமிருந்து அதைப் பிடுங்கினால் அவள் தன்னையே தின்றுவிடுவாள். அதே பேச்சைத் தண்ணீருக்கும் கூலிக்கும் பொறுப்பானவர் பேசும்போது, அவள் ஒண்டியிருந்த இடத்தில் இவர் ஒளிந்துகொள்கிறார்.

எங்கள் வரதர் கோயிலில் வடகலை, தென்கலைத் தகராறு உலகம் அறிந்தது. யார் பாடுவது, எதை முதலில் பாடுவது என்று கோர்ட்டு வரைக்கும் போனது. தறிக்காரர்கள் நாங்கள் அதை வேடிக்கை பார்த்தே வளர்ந்தோம். ஆனால் இந்த இரண்டு கலைக்கும் நடுவில் உள்ள பதினெட்டு பேதங்களில் ஒன்று என்னை விடவில்லை. அது தயையைப் பற்றியது. பெருமாளுக்குத் தயை என்றால் என்ன? பிறர் துக்கத்தைப் பார்த்துத் தானும் துக்கப்படுவது என்கிறார்கள் தென்கலை ஆசாரியர்கள். குறையொன்றும் இல்லாதவனுக்குத் துக்கம் எப்படி ஒட்டும், பிறர் துக்கத்தைப் போக்க வேண்டும் என்ற விருப்பமே தயை என்கிறது வடகலை. இந்தப் பக்கத்துக்குப் பெரிய ஆசாரியரான வேதாந்த தேசிகர் 1268-ல் பிறந்த தூப்புல், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

சன்னதித் தெருப் பெரியவர் இதைச் சொன்ன நாளிலிருந்து, துக்க வீட்டுத் திண்ணையில் உட்காரும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். நம் ஜனங்கள் முதல் வகைத் தயையில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளை செத்த வீட்டில் அடுப்பு மூட்ட அந்தத் தெருவே விடாது. சோறு பொங்கிக் கொண்டுவந்து ஊட்டுவார்கள். கூட அழுவார்கள், மனசார அழுவார்கள். மறுநாள் அதே குழாய்ப் பள்ளத்தில் தண்ணீர் பிடிப்பார்கள். அரசாங்கத்தில் எனக்கு மேலே இருந்தவர்கள் சிலரிடம் இரண்டாவது வகை இருந்தது, முதலாவது இல்லை. அவர்கள் சாவைக் குறைக்க உண்மையாகவே விரும்பினார்கள். தாயின் அறியாமை என்று எழுதச் சொன்னதும் அவர்கள்தான். சேர்ந்து அழத் தெரியாதவர்கள் போக்கப் புறப்பட்டால் இப்படித்தான் ஆகிறது. இருந்தாலும், எனக்கு ஒன்றுதான் கிடைக்கும், எது வேண்டும் என்று கேட்டால், தேசிகர் பக்கம்தான் கை நீட்டுவேன். அழுகிறவர்கள் இல்லாததால் எந்தக் குழந்தையும் சாகவில்லை.

அந்த 90-ஐ 15 ஆக்கியது போக்க விரும்பியவர்கள்தான். 1987-ல் முத்துலட்சுமி ரெட்டி பேரில் மகப்பேறு உதவித் திட்டம் வந்தபோது தொகை 300 ரூபாய். கர்ப்பிணி கூலி இழப்பில்லாமல் ஓய்வெடுக்கவும் சத்தாகச் சாப்பிடவும் என்று கொடுத்தார்கள். பிற்பாடு அது 18,000 ரூபாய் வரை போனது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைச் சுழற்சியில் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சேனை தொட்டு வைக்காதீர்கள், சீம்பாலைக் கறந்து கொட்டாதீர்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சிய எங்கள் தலைமுறைச் செவிலியர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எங்களில் பலருக்குக் கால் முட்டி போய்விட்டது.

போக்க விரும்பும் தயைக்கு எங்கள் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. குருவான யாதவப் பிரகாசரும் அவரோடு கூடப் போனவர்களும் ராமானுஜரைக் கொல்லத் திட்டமிட, அவர் தப்பிக் காட்டில் தனியாக நின்றபோது ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். விடிந்தபோது வேடுவச்சிக்குத் தாகம். பக்கத்துக் கிணற்றிலிருந்து அவர் தண்ணீர் மொண்டு கொடுத்தார். மறுபடி வந்து பார்த்தால் இருவரும் இல்லை. எதிரே காஞ்சியின் கோபுரம். வந்தவர்கள் வரதனும் பெருந்தேவித் தாயாரும். அன்று முதல் அந்தச் சாலைக் கிணற்றுத் தண்ணீரைப் பெருமாளுக்குச் சுமந்து வருவதே ராமானுஜரின் கைங்கர்யம் ஆனது. பிற்பாடு ஸ்ரீபாஷ்யம் எழுதப்போகிறவருக்குப் பேரருளாளன் முதலில் கொடுத்த வேலை தண்ணீர் தூக்குவது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் சாக்கடையில் முங்கிக் கிடந்தது என்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத சாவுகளும் உண்டு. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 1000-க்கு 18.6 சிசு மரணம், அதில் 12.7 முதல் மாதத்திலேயே. குறைமாதம், எடை குறைவு, பிறவிக் குறை. சில இருதயங்கள் தப்பாகவே உருவாகி வருகின்றன. எல்லாம் சரியாகச் செய்த தாய், நாள் தவறாமல் வந்து ஊசி போட்டுக்கொண்டவள், அவள் பிள்ளையும் போகிறது. அவள் ஏன் என்று என்னைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பிரம்ம சூத்திரமும் மோஸ்லியும் அங்கே எனக்கு உதவவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அந்த இடத்தில் தென்கலை ஆசாரியர்கள் சொன்னதுதான் சரி, வேறு தயை அங்கே இல்லை. ஆனால் இதைச் சாக்காக வைத்து மற்ற சாவுகளையும் இந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. அந்த 12.7-லேயே பாதிக்கு மேல் தாயின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே தடுத்திருக்கக்கூடியவை என்று என் அனுபவம் சொல்கிறது. அதே ஆய்வில் நம் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை.

எங்கள் மாவட்டத்துச் செங்கல் சூளைகளையும் அரிசி ஆலைகளையும் போய்ப் பாருங்கள். முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பங்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஒரு பருவம் இங்கே, அடுத்த பருவம் வேறு எங்கோ; எந்த ஊர்ப் பதிவேட்டிலும் பேர் நிலைப்பதில்லை. 15 என்ற அந்த எண்ணில் இவர்கள் குழந்தைகள் சரியாக எண்ணப்பட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஓய்வு பெற்ற பிறகு எங்களில் சிலர் வாரம் ஒரு முறை ஒரு சூளைக்குப் போய்வருகிறோம். அங்கே ஒரு பெண், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், இப்போது ஐந்து மாதம். ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து ஊசி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவ்வாய்க்கிழமைகளில் அவளை அரை நாள் விட மேஸ்திரி ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த அரை நாள் கூலியைப் பிடிக்கக் கூடாது என்பதில்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.